அணி வரும், போகும். ஊருக்கு மிஞ்சுவது என்ன?

கோவைக்கு வந்து கோப்பை வென்ற கால்பந்து அணி மூன்றே ஆண்டில் லீக்கிலிருந்தே காணாமல் போனது. ஒரு தொழில்முறை அணிக்காகக் காத்திருக்கும் வேலூர், ராணிப்பேட்டை வட்டாரத்துக்கு அதில் பாடம் இருக்கிறது.

2019 மார்ச் 9ஆம் தேதி, கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். ஐ-லீக் கால்பந்தின் கடைசி நாள். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா பஞ்சாப் கோல் அடித்துவிட்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளாவோடு ஆடிக்கொண்டிருந்தது. இங்கே சென்னை சிட்டி எஃப்சி வெல்லத் தவறி, அங்கே ஈஸ்ட் பெங்கால் வென்றால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும். இடைவேளைக்குப் பிறகு பெத்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு கோல் போட்டார். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் வென்றது, ஆனால் 42 புள்ளிகளோடு நின்றது. சென்னை சிட்டிக்கு 43. ஐ-லீக் கோப்பையை வென்ற முதல் தமிழ்நாட்டு அணி என்ற பெயர் அன்று அதற்குக் கிடைத்தது. அந்த அணி கோவைக்கு வந்து அப்போது இரண்டாவது சீசன்தான் முடிந்திருந்தது. 2021-22 ஐ-லீக் தொடங்கியபோது பட்டியலில் அந்த அணியே இல்லை.

வேற்றூரிலிருந்து ஓர் அணி வந்து இறங்கும்போது ஊரே பார்ப்பது புள்ளிப் பட்டியலைத்தான். முதல் சீசனில் எத்தனை ஆட்டம் ஜெயித்தார்கள், எத்தனை பேர் டிக்கெட் வாங்கினார்கள் என்பதே பேச்சு. அந்த இரண்டு கணக்கும் அணி நிலைக்குமா என்பதைச் சொல்வதில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். முதல் சீசனில் ஊர் கேட்டு வாங்க வேண்டியவை வேறு: மைதானம், பயிற்சி, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கான இடம், நிர்வாகத்தில் ஒரு குரல். அணி போனாலும் ஊரோடு தங்கக்கூடியவை இவை மட்டும்தான். தங்கள் பெயரில் ஒரு தொழில்முறை அணியைப் பார்க்காத வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் இதை இப்போதே யோசித்து வைப்பது நல்லது. அணி வந்து இறங்கிய பிறகு பேரம் பேசும் பலம் ஊருக்குக் குறைந்துவிடும்.

கோவையின் முதல் சீசன்

சென்னை சிட்டி ஏன் கோவைக்குப் போனது என்பதைப் புரிந்துகொள்ள 2017ஆம் ஆண்டின் நிலைமையைப் பார்க்க வேண்டும். அதுவரை சில வாரங்களே நடந்துவந்த இந்தியன் சூப்பர் லீக், அந்த ஆண்டு நவம்பரிலிருந்து ஐந்து மாதப் போட்டியாக நீண்டு, ஐ-லீக்கோடு ஒரே காலத்தில் நடக்கத் தொடங்கியது. சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஏற்கெனவே சென்னையின் எஃப்சி ஆடிக்கொண்டிருந்தது. நட்சத்திர வீரர்களும் தொலைக்காட்சி விளம்பரமும் உள்ள அணி அது, 2015லேயே சூப்பர் லீக் சாம்பியன். ஒரே நகரில், ஒரே பருவத்தில், ஒரே ரசிகர் கூட்டத்தை நம்பி இரண்டு கால்பந்து அணிகள் பிழைப்பது கடினம். சென்னை சிட்டி 2017-18 சீசனுக்குக் கோவைக்கு இடம்பெயர்ந்தது. பெயரில் மட்டும் சென்னை அப்படியே இருந்தது.

அந்த முதல் சீசன் மேடு பள்ளமாகவே போனது. தொடக்க ஆட்டத்திலேயே, இந்தியாவின் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை அணியிலிருந்து வந்த பையன்கள் நிறைந்த இந்தியன் ஆரோஸ் 3-0 என்று தோற்கடித்தது. புத்தாண்டு பிறந்ததும் அதே சென்னை சிட்டி கொல்கத்தாவுக்குப் போய் மோகன் பகானை 2-1 என்று வென்றது. அந்தத் தோல்வியோடு மோகன் பகான் பயிற்சியாளர் சஞ்சய் சென் பதவி விலகினார். பிப்ரவரியில் ஈஸ்ட் பெங்கால் 7-1 என்று நொறுக்கியது. கடைசியில் பத்து அணிகளில் எட்டாவது இடம். ஆனால் அந்த எட்டாவது இடத்துக்குள் ஒரு நல்ல செய்தி இருந்தது. கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையின் இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் அந்தச் சீசனில் நாடறிந்த ஆட்டக்காரர் ஆனார். அடுத்த சீசனுக்கே சூப்பர் லீக்கின் ஜாம்ஷெட்பூர் அவரை அழைத்துக்கொண்டது. எட்வின் வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ, அஜித்குமார் என்று தமிழ்நாட்டு வீரர்கள் வரிசையாக அந்த அணியில் வளர்ந்து, பிறகு பெரிய அணிகளுக்குப் போனார்கள். பட்டியலின் அடியில் கிடந்த அணி தமிழ்நாட்டுக் கால்பந்துக்குச் செய்த பெரிய காரியம் இதுதான்.

இரண்டாவது சீசனில் சிங்கப்பூரைச் சேர்ந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ், ஸ்பெயினிலிருந்து வந்த ஆட்டக்காரர்கள், 21 கோல் அடித்த மான்சி எல்லாம் சேர்ந்து கோப்பை வந்தது. சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற எஃப்சி பாசல் அதே ஆண்டு அணியில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. ஆனால் கோப்பை வென்ற அணிக்கு மேல் லீக்குக்குப் போகும் வழி அப்போது இல்லை. 2019 முடிவதற்குள் சூப்பர் லீக்கே நாட்டின் முதல் லீக் என்றாகி, ஐ-லீக் இரண்டாம் படிக்கு இறங்கியது. பிறகு கொரோனா. 2020-21 ஐ-லீக் முழுவதும் மேற்கு வங்கத்தில் பூட்டிய மைதானங்களில் நடந்தது. கோவைக்காரர்கள் தங்கள் அணியைச் சொந்த மைதானத்தில் பார்க்கவே இல்லை. அதற்கடுத்த சீசனில் அணியே இல்லை. கோப்பை அலமாரிக்குப் போனது. கோவையில் அந்த அணியை நிறுத்தி வைக்கும் கயிறு எதையும் யாரும் முன்கூட்டியே கட்டி வைத்திருக்கவில்லை.

அமெரிக்கா சொல்லும் பாடம்

அணிகள் ஊர் மாறுவதில் நீண்ட அனுபவம் உள்ள விளையாட்டு அமெரிக்காவின் பேஸ்பால். 1953இல் பாஸ்டன் நகரின் பிரேவ்ஸ் அணி மில்வாக்கிக்குப் போனது. முந்தைய ஆண்டு பாஸ்டனில் மொத்தம் 2.81 லட்சம் பேர்தான் ஆட்டம் பார்க்க வந்தார்கள். மில்வாக்கியின் முதல் சீசனில் வந்தவர்கள் 18 லட்சத்துக்கும் மேல். அணி இரண்டாவது இடம் பிடித்தது, 1957இல் உலகத் தொடர் கோப்பையையும் வென்றது. எந்த ஊரும் இதற்கு மேல் ஓர் அணியைக் கொண்டாட முடியாது. ஆனாலும் 1966இல் அதே அணி மூட்டை கட்டிக்கொண்டு அட்லாண்டாவுக்குப் போய்விட்டது. கூட்டமும் கோப்பையும் அதைத் தடுக்கவில்லை. மில்வாக்கியில் மிஞ்சியது பொதுப் பணத்தில் கட்டிய கவுன்டி ஸ்டேடியம். நான்கு ஆண்டு கழித்து, 1970இல், சியாட்டிலில் ஒரே சீசன் ஆடித் திவாலான அணி அந்த மைதானத்தை நம்பி வந்து மில்வாக்கி புரூவர்ஸ் ஆனது. இன்றுவரை அந்த ஊரிலேயே இருக்கிறது.

1958இல் புரூக்ளினிலிருந்து லாஸ் ஏஞ்சலீஸுக்குப் போன டாட்ஜர்ஸ் கதை கோவைக் கதையோடு ஆச்சரியமாக ஒத்துப்போகிறது. ஒலிம்பிக் போட்டிகள் நடந்த கொலிசியத்தில் பேஸ்பாலைத் திணித்ததால் இடப்பக்க எல்லை 251 அடியில் வந்து முட்டியது. பந்து சுலபமாகப் பறந்து போகாமலிருக்க 40 அடிக்கு மேல் உயரமான கம்பிவலை கட்டினார்கள். முதல் சொந்த ஊர் ஆட்டத்துக்கு 78,672 பேர் வந்தார்கள். அணி எட்டில் ஏழாவது இடம் பிடித்தது. அடுத்த ஆண்டே உலகத் தொடர் கோப்பை. கோவையைப் போலவே முதல் சீசனில் அடியில், இரண்டாவதில் உச்சியில். ஆனால் டாட்ஜர்ஸ் இன்னும் லாஸ் ஏஞ்சலீஸில் இருக்கிறது. காரணம் கோப்பைக்கு வெளியே இருக்கிறது. முதல் சீசன் நடந்துகொண்டிருந்த ஜூன் மாதத்தில், நகரத்து நிலத்தை அணிக்குக் கொடுக்கலாமா என்று லாஸ் ஏஞ்சலீஸ் மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. குறுகிய வித்தியாசத்தில் ஒப்பந்தம் தேறியது. 1962இல் அந்த நிலத்தில் அணி தன் செலவில் ஸ்டேடியம் கட்டியது. அப்படிப் பணத்தைப் போட்டவருக்கு ஊரை விட்டுப் போவது எளிதல்ல. அந்த ஒப்பந்தத்தில் பெரிய அநீதியும் இருந்தது. அந்த நிலம் இருந்த சாவேஸ் ரவீன் பகுதியில் தலைமுறையாக வாழ்ந்த மெக்சிக வம்சாவளிக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன, கடைசிக் குடும்பங்களை 1959இல் வீட்டிலிருந்து தூக்கி வெளியேற்றினார்கள். ஊர் நிபந்தனை போடும்போது ஊரில் யார் குரல் சேரவில்லை என்றும் பார்க்க வேண்டும் என்பதற்கு அதுவே சாட்சி.

இதற்கு நேர் எதிர் 2025இல் நடந்தது. பிலடெல்பியா, கான்சஸ் சிட்டி, ஓக்லாந்து என்று மூன்று ஊர் மாறிய அத்லெட்டிக்ஸ் அணி, லாஸ் வேகாஸில் புதிய ஸ்டேடியம் தயாராகும்வரை தங்குவதற்காக சேக்ரமென்டோவுக்கு வந்தது. சிறு லீக் அணி ஆடும், சுமார் 14,000 பேர் அமரக்கூடிய மைதானத்தில் ஆடியது. தன் பெயரில் சேக்ரமென்டோவைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஊரின் இடம் வேண்டும், ஊரின் பெயர் வேண்டாம் என்ற நிலை. 162 ஆட்டங்களில் 76 வெற்றி. சேக்ரமென்டோவுக்கு அந்த வெற்றிகளில் நிலையான பங்கு என்ன என்று கேட்டால் பதில் சொல்வது சிரமம்.

நம் நாட்டில் நடந்தவை

இந்தியக் கால்பந்திலேயே 2019இல் இரண்டு அணிகள் ஒரே சமயத்தில் இடம் மாறின. டெல்லி டைனமோஸ் புவனேஸ்வருக்குப் போய் ஒடிசா எஃப்சி ஆனது. புனே அணி கலைந்த இடத்தில் ஹைதராபாத் எஃப்சி வந்தது. ஒடிசா முதல் சீசனில் ஆறாவது இடம். கலிங்கா ஸ்டேடியத்தில் வேலை நடந்ததால் முதல் சில ‘சொந்த ஊர்’ ஆட்டங்களைப் புனேயில்தான் ஆடியது. ஹைதராபாத் கடைசி இடம். ஆனால் 2022 மார்ச்சில் ஹைதராபாத் சூப்பர் லீக் கோப்பையையே வென்றது. அந்தச் சீசன் முழுக்கக் கோவாவில் நடந்ததால் ஹைதராபாத் ரசிகர் ஒரு ஆட்டத்தைக்கூடத் தன் ஊரில் பார்க்காமலே சாம்பியன் ஊர்க்காரர் ஆனார். அதன்பின் பண நெருக்கடி வந்தது. 2025இல் அந்த அணி டெல்லிக்குப் போய்ப் பெயரையும் மாற்றிக்கொண்டது. பட்டியலில் கடைசி இடத்திலிருந்து கோப்பைவரை உயர்ந்தும் ஊருக்குச் சொந்தமாகாத அணி அது.

தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்டில் இந்த இடமாற்றம் இன்னும் எளிதாக நடக்கிறது. 2016இல் திருவள்ளூர் வீரன்ஸ் என்று தொடங்கிய அணி காஞ்சி வீரன்ஸ் ஆகி, பிறகு நெல்லை ராயல் கிங்ஸ் ஆனது. முதல் ஆண்டுச் சாம்பியனான தூத்துக்குடியின் டூட்டி பேட்ரியட்ஸ் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆனது. காரைக்குடி காளை திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. இந்த மூன்று புதிய பெயர்களும் களமிறங்கிய 2021ஆம் ஆண்டு, கொரோனாவால் எல்லா ஆட்டமும் சேப்பாக்கத்தில் நடந்தது. நெல்லைக்கும் சேலத்துக்கும் திருப்பூருக்கும் தங்கள் ‘முதல் சீசன்’ சென்னையில் கழிந்தது. வடமாவட்டங்களுக்கு இதில் தனி வருத்தம் உண்டு. திருவள்ளூர், காஞ்சி என்ற இரண்டு பெயர்களும் தெற்கே போய்விட்டன. வேலூர் என்ற பெயரில் ஓர் அணி வரவே இல்லை.

எழக்கூடிய கேள்விகள்

முதல் கேள்வி: பணம் போடுபவருக்கு நிபந்தனை விதித்தால் யார் வருவார்? அணி நடத்துவது நஷ்டத் தொழில், உரிமையாளர் கையைக் கட்டினால் அவர் வேறு ஊருக்குப் போய்விடுவார் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அணி நடத்துபவர் ஊரிடமிருந்து இலவசமாகப் பெறுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மக்கள் பணத்தில் கட்டிய மைதானம், போலீஸ் பாதுகாப்பு, போக்குவரத்து, எல்லாவற்றுக்கும் மேலாக ஊரின் பெயர். இவை கொடுக்கும்போது பதிலுக்குக் கேட்பது நியாயமான வியாபாரம். லாஸ் ஏஞ்சலீஸ் கேட்டது, அணி ஓடிப்போகவில்லை.

இரண்டாவது கேள்வி: கோவை அணி போனதற்குக் கொரோனாவும் லீக் அமைப்புமே காரணம், ஊர் என்ன செய்திருக்க முடியும்? அணியை அப்படியே காப்பாற்றியிருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இந்தக் கட்டுரை கேட்பது அணியின் ஆயுளை மட்டும் அல்ல. அணி மூடினாலும் அதன் பயிற்சி மையம் ஊரில் தொடர்ந்திருக்கலாமே என்பதுதான் கேள்வி. அதே 2019ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் இன்னொரு கால்பந்து அணியும் தேசியக் கோப்பை வென்றது. மதுரையை மையமாகக் கொண்ட சேது எஃப்சி, லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வீழ்த்தி இந்திய மகளிர் லீக் சாம்பியன் ஆனது. கடலூர் இந்துமதி கதிரேசன் போன்ற தமிழ்நாட்டுப் பெண்கள் அதில் ஆடினார்கள். பெரிய முதலீடு இல்லாமல் இந்த மண்ணில் தொடங்கிய அணி அது. கொரோனா அதற்கும் வந்தது. அணி தொடர்ந்தது.

மூன்றாவது கேள்வி: சிறு ஊர்களால் தொழில்முறை அணியைத் தாங்க முடியுமா? அமெரிக்கக் கால்பந்தில் கிரீன் பே பேக்கர்ஸ் 1923இலிருந்து ஊர் மக்கள் பங்கு வாங்கிய அணி. கிரீன் பே நகரின் மக்கள்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம். நம் ஆம்பூர் நகராட்சியும் ஏறக்குறைய அந்த அளவுதான். கோடீஸ்வர உரிமையாளர்கள் உள்ள பெருநகர அணிகள் ஊர் ஊராக இடம் மாறிய காலத்தில் பேக்கர்ஸ் நகரவே இல்லை, நகர்த்த ஒற்றை முதலாளி இல்லாததால். அவர்கள் பணக்காரர்கள், நாம் அப்படியில்லை என்பது சரிதான். அந்த அளவை நாம் எட்டவேண்டியதில்லை. சிறு அணியில் சிறு பங்கு உள்ளூருக்கு இருந்தாலே பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

தோல் நகரங்களின் வழி

ஊரில் தங்குவது எது என்பதை இந்த வட்டாரத்துக்கு வெளியிலிருந்து யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை தோல் தொழில் நூறாண்டுக்கு மேலாகப் பல சந்தை மாற்றங்களைப் பார்த்துவிட்டது. அரைப்பதமாக்கிய தோலை அப்படியே கப்பலேற்றிய காலம் போய், 1970களில் மத்திய அரசு அந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டபோது, இங்குள்ள ஆலைகள் முழுப் பதத் தோலுக்கும், பிறகு ஷூ அப்பர், முழு ஷூ என்றும் மாறின. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் கழிவுநீர் குறித்துக் கடுமையாகத் தீர்ப்பளித்தபோது மீண்டும் மாற வேண்டியிருந்தது. பாலாறு கொடுத்த விலை மிகப் பெரிது, அதை மறக்கக் கூடாது. ஆனால் வாங்குபவர் மாறினாலும், பிராண்டு மாறினாலும், சரக்கு மாறினாலும் தொழில் இங்கேயே நின்றது. தோலைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்லும் கையும், அப்பர் தைக்கத் தெரிந்த ஆயிரக்கணக்கான பெண்களும் இந்த ஊர்களில் இருப்பதுதான் காரணம். விளையாட்டிலும் தங்குவது கையில் இருக்கும் திறமைதான்.

அந்தத் திறமைக்கு இங்கே அத்தாட்சியும் இருக்கிறது. வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட் என்று அடுத்தடுத்து இரண்டு காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பளுதூக்குதலில் தங்கம் வென்றார். அவருக்குப் பின்னால் எந்தத் தொழில்முறை அணியும் இல்லை. உள்ளூர்ப் பயிற்சிக்கூடமும், தொடர்ந்து கற்றுக்கொடுத்த மூத்தவர்களும் இருந்தார்கள். சத்துவாச்சாரியில் பளுதூக்குதல் தங்கியதுபோல ஆற்காடு-ஆரணி சாலையில் உள்ள திமிரியில் கபடியோ வாலிபாலோ தங்க முடியும். அதற்குத் தேவை நல்ல தரையும், மாலையில் எரியும் விளக்கும், சம்பளம் வாங்கும் ஒரு பயிற்சியாளரும். இவற்றைக் கொண்டுவரும் அணிக்குத்தான் ஊர் கதவைத் திறக்க வேண்டும்.

ஆகவே, நாளை கிரிக்கெட்டிலோ கபடியிலோ கால்பந்திலோ ஓர் அணி வேலூர் பெயரையோ ராணிப்பேட்டை பெயரையோ கேட்டு வந்தால், மாவட்ட நிர்வாகமும் விளையாட்டுச் சங்கங்களும் நகராட்சிகளும் ஐந்து நிபந்தனைகளை எழுத்தில் வாங்க வேண்டும். சொந்த ஊர் ஆட்டங்களில் பெரும்பங்கு இங்கேயே நடக்க வேண்டும், 2021இல் சேலத்துக்கும் நெல்லைக்கும் நேர்ந்தது இயல்பாகிவிடக் கூடாது. மைதானத்தில் அணி செய்யும் மேம்பாடு எதுவும் ஒப்பந்தம் முடிந்தாலும் ஊருக்கே சேர வேண்டும், மில்வாக்கிக்கு அடுத்த அணி வந்தது அதனால்தான். அணியின் இளையோர் பயிற்சி மையம் மாவட்டச் சங்கத்தோடு சேர்ந்து நடக்க வேண்டும், அணி மூடினாலும் அது மூடக் கூடாது. அந்த மையத்தில் பாதி இடம் பெண் பிள்ளைகளுக்கு என்று இருக்க வேண்டும். ஷூ கம்பெனிகளில் இந்த வட்டாரத்தின் பொருளாதாரத்தைச் சுமப்பவர்கள் பெண்கள், அவர்கள் மகள்களுக்கு மைதானத்தில் பார்வையாளர் இடம் மட்டும் போதாது. ஐந்தாவதாக, அணியின் நிர்வாகக் குழுவில் உள்ளூர்ப் பிரதிநிதி ஒருவருக்கு வாக்குரிமையோடு இடம் வேண்டும். ஊரைவிட்டுப் போகும் முடிவு எடுக்கும் அறையில் ஊர்க்காரர் ஒருவராவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்த ஐந்தில் எதுவும் ஆகாயத்தில் இருப்பதல்ல. ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஊர் பெற்றதையோ, பெறாமல் இழந்ததையோ பார்த்து எழுதியது. முதல் சீசனில் அணி எட்டாவது வந்தால் வருத்தப்பட வேண்டாம், கோப்பை வென்றால் அதிலேயே திருப்தி அடையவும் வேண்டாம். அணி வந்த ஐந்தாவது ஆண்டில் திமிரியிலோ பேரணாம்பட்டிலோ ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முன்பு இல்லாத பயிற்சி கிடைக்கிறதா என்று கேட்போம். கிடைத்தால் அந்த அணி நம்முடையது. கிடைக்கவில்லை என்றால், சட்டையில் நம் ஊர்ப் பெயர் எவ்வளவு பெரிய எழுத்தில் இருந்தாலும் அது வாடகைக்கு வந்த அணிதான், வாடகையும் கொடுக்காத அணி.